ஜூமில் கேட்காத சத்தம்: கொரோனாவும் பார்மசி படிப்பும்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது, மூடப்படும் இடங்களின் பட்டியலில் கல்லூரி இருந்தது, திறந்திருக்கும் இடங்களின் பட்டியலில் மருந்துக்கடை இருந்தது. டீக்கடை, சலூன், ஜவுளிக்கடை எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்ட தெருவில் மெடிக்கல் ஷாப் மட்டும் வாசலில் கயிறு கட்டி, தரையில் வட்டம் போட்டு, வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் நிற்க வேண்டிய ஆட்களை உருவாக்கும் படிப்போ வீட்டுக்குள் முடங்கிப் போனது. எம்.பி.பி.எஸ். மாணவர்களைப் பற்றிப் பேசினார்கள், நர்சிங் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதம், இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்குப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசே சொன்னது. பார்மசி மாணவர்களை யாரும் பெரிதாக நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்கு மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு ஆன்லைன் கிளாஸில் உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பு நடந்ததா இல்லையா என்ற கேள்வியைக் கேட்டால் நடந்தது என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது அதுவல்ல. இந்தப் படிப்பில் வகுப்பறைக்கு வெளியே இருப்பது எவ்வளவு, அதற்கு என்ன ஆனது என்பதைக் கேட்க வேண்டும்.

முதலில் படிப்பின் அமைப்பைப் பார்த்துவிடலாம். 1948 பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை. அந்தப் பதிவுக்கான குறைந்தபட்சத் தகுதி டி.பார்ம் என்ற டிப்ளமோ. இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ குறைந்தது 3 மாதம், 500 மணி நேரப் பயிற்சி. பழைய 1991 விதிகள் இந்த 500-ல் 250 மணி நேரமாவது உண்மையான சீட்டுகளுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதில் கழிய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கின்றன. பி.பார்ம் என்ற இளநிலைப் பட்டம் என்றால் நான்கு வருடம், 8 செமஸ்டர், ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத அட்டெண்டன்ஸ். 2008-ல் வந்த பார்ம் டி (டாக்டர் ஆஃப் பார்மசி) இன்னும் ஒரு படி மேல்: ஐந்து வருடம் படித்து ஆறாவது வருடம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் இன்டர்ன்ஷிப், அதில் 6 மாதம் பொது மருத்துவத்தில், மீதியை வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதமாக. ஆக மூன்று படிப்புகளுக்கும் அஸ்திவாரம் லேப், கடை, வார்டு இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. 2020-ல் இவற்றில் லேப் பூட்டப்பட்டது, வார்டு கொரோனா வார்டாக மாறியது. திறந்திருந்தது கடை ஒன்றுதான்.

டேட்டா விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் 'வசதி குறைந்த இடங்கள்' என்றாலே எல்லோரும் முதலில் அதைத்தான் பேசுகிறார்கள். வீடியோவோடு ஒரு மணி நேர ஜூம் வகுப்பு அரை ஜிபிக்கு மேல் தின்றுவிடும். காலையில் மூன்று வகுப்பு, மதியம் 'பிராக்டிகல் டெமோ' என்று ஒன்று வைத்தால் தினசரி ஒன்றரை ஜிபி பேக் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே காலி, அதுவும் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், தம்பிக்கும் அதில்தான் பள்ளிக்கூட வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப் இந்த நேரத்தில் பல வீடுகளில் கை கொடுத்தது, உண்மை. 2021 ஜனவரியில் அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கல்லூரிகள் மூடிப் பத்து மாதம் கழித்து வந்த நல்ல காரியம்.

இலங்கையில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. 2020 மார்ச்சிலேயே தொலைபேசி நிறுவனங்களோடும் ஒழுங்குமுறை ஆணையத்தோடும் பேசி, பல்கலைக்கழக சர்வர்களுக்குப் போகும் டேட்டாவுக்குக் காசு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். விரிவுரையாளர்கள் ஜூம் நடத்துவதையும் அதே வலையமைப்பின் வழியாகவே திருப்பிவிட்டார்கள். மாணவர் கையில் கார்டு கொடுக்க டெண்டர், பட்டியல், விநியோகம் எதுவும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பி.பார்ம் படிக்கிற பிள்ளை ரீசார்ஜ் செய்யக் காசில்லை என்பதற்காக வகுப்பைத் தவறவிட வேண்டியதில்லை. டேட்டா கார்டை விட இது எவ்வளவோ புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பேன். ஆனாலும் பாருங்கள், அதே இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தது. டேட்டா இலவசம், போனில் சார்ஜ் இல்லை. பேப்பர் தட்டுப்பாட்டால் பள்ளிப் பரீட்சைகளையே தள்ளிப்போட்ட நேரம் அது, அச்சடித்த நோட்ஸ் கொடுப்பதும் சுலபமில்லை. ஒரு பற்றாக்குறையைச் சமாளித்தால் அதன் பின்னால் இன்னொன்று வரிசையில் நிற்கும்.

ஆகவே டேட்டா, கரண்ட் இரண்டும் குறைவாகக் கேட்கிற முறைதான் இப்படிப்பட்ட இடங்களில் நின்று பிடித்தது. அது என்ன பெரிய தொழில்நுட்பமா என்றால் இல்லை, வாட்ஸ்அப் குரூப்தான். பத்து நிமிட வாய்ஸ் நோட் இரண்டு எம்பி அளவுதான் வரும். பி.டி.எஃப். நோட்ஸோடு அதை அனுப்பிவிட்டால் சிக்னல் கிடைக்கும்போது இறக்கிக்கொள்ளலாம், ராத்திரி கேட்கலாம், புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். நேரலை வீடியோவில் சார் திரும்பச் சொல்லமாட்டார், சொன்னாலும் நடுவில் நெட் போய்விடும். சந்தேகத்துக்குச் சாதாரண போன் கால். கேட்க ரொம்பப் பழைய காலத்து ஏற்பாடு மாதிரி இருக்கிறது, ஆனால் வாரத்துக்கு ஒரு நேரலை, மீதி எல்லாம் இப்படி என்று வைத்துக்கொண்ட ஆசிரியர்களிடம்தான் மாணவர்கள் கடைசி வரை தங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுவதற்காகக் காலை 9 முதல் மாலை 4 வரை டைம்டேபிளை அப்படியே ஸ்கிரீனுக்கு மாற்றிய கல்லூரிகளில் அட்டெண்டன்ஸ் இருந்தது, ஆள் இல்லை.

சரி, லேப்.

மருந்து தயாரிக்கப் பழகும் பார்மசூட்டிக்ஸ் லேபில் முதல் வருடம் எல்லோரும் செய்வது எமல்ஷன், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்கும் கலவை. எண்ணெய், தண்ணீர், வேலம் பிசின் மூன்றையும் 4:2:1 என்ற கணக்கில் சேர்த்து முதல் எமல்ஷன் எடுக்க வேண்டும். ஈரமே இல்லாத கல்வத்தில் (மருந்து அரைக்கும் சின்ன உரல்) எண்ணெயையும் பிசின் பொடியையும் குழைத்து, அளந்து வைத்த தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில் வேகமாக அரைக்க வேண்டும். சரியாக வந்தால் கலவை வெளுத்துக் கெட்டியாகி, குழவியின் கீழே 'சட் சட்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் அடையாளம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலோ கல்வத்தில் ஈரம் இருந்தாலோ எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து. புத்தகத்தில் இது நான்கு வரி. வீடியோவில் ஆசிரியர் செய்து காட்டினால் ஒரே தடவையில் சரியாக வந்துவிடும், மாணவருக்குக் கிடைக்க வேண்டிய தோல்வி கிடைக்காது. ஜூமோ, பின்னணி இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று அந்தச் சத்தத்தையும் சேர்த்தே வடிகட்டிவிடும்.

ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு கண்டுபிடிக்கும் டைட்ரேஷனும் அதே கதிதான். நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் போட்ட கரைசல் எந்தச் சொட்டில் லேசான ரோஸ் நிறத்துக்கு மாறி அப்படியே நிற்கிறது என்பதைக் கண் பழக வேண்டும். ஒரு சொட்டு தாண்டினால் அடர் ரோஸ், ரீடிங் தப்பு. 240பி வீடியோவில் அந்த லேசான ரோஸும் தண்ணீரும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மருந்து உடலில் என்ன செய்கிறது என்று பார்க்கும் பார்மகாலஜி லேப் மட்டும் இந்த அடியிலிருந்து ஓரளவு தப்பித்தது. காரணம் கொரோனாவுக்கு எத்தனையோ வருடம் முன்பே விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனைகளைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வந்திருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் டாக்டர் ரவீந்திரன் உருவாக்கிய 'எக்ஸ்பார்ம்' என்ற இலவச மென்பொருளில் தவளை இதயம், முயல் கண், கினி பன்றியின் குடல் என்று பழைய சோதனைகளைக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம். தெரியாத மருந்து ஒன்றைக் கொடுத்து இது என்ன மருந்து என்று கண்டுபிடிக்கவும் சொல்லும். ஏற்கெனவே பழகிய கருவி என்பதால் ஊரடங்கில் அதை வீட்டுக்கு எடுத்துப்போவது பெரிய பாடாக இல்லை. பார்மசூட்டிக்ஸுக்கும் மருந்துப் பகுப்பாய்வுக்கும் அப்படி ஒரு முன்தயாரிப்பு யாரும் செய்து வைக்கவில்லை, ஏனென்றால் கல்வத்துக்கும், டைட்ரேஷனில் சொட்டு விடும் பியூரெட்டுக்கும் அதுவரை யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

அதற்காக வீட்டில் ஒன்றுமே செய்ய முடியாது என்று விட்டுவிட வேண்டியதும் இல்லை. வேலம் பிசின் எந்த நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கும், விளக்கெண்ணெய் வீட்டில் இருக்கும், இஞ்சி பூண்டு தட்டுகிற சின்ன உரல் இருக்கும் (அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்). 8 மில்லி எண்ணெய், 4 மில்லி தண்ணீர், 2 கிராம் பிசின். சத்தம் கேட்கும் வரை அரைத்து அதை வாய்ஸ் நோட்டாக அனுப்பு என்றால் அது அசல் பிராக்டிகல். டைட்ரேஷனுக்கு சுண்ணாம்புத் தெளிநீரில் மஞ்சள் பொடி போட்டால் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கும். ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்சில் எலுமிச்சைச் சாறு எடுத்துத் துளித்துளியாக விட்டு, எத்தனை மில்லியில் மஞ்சளுக்குத் திரும்புகிறது என்று மூன்று தடவை பார்த்தால், மூன்று ரீடிங்கும் ஏன் ஒத்துவரவில்லை என்ற கேள்வி தானாக வரும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டேப்லெட் பஞ்சிங் மெஷினுக்கும் மாத்திரை கரையும் வேகத்தைப் பார்க்கும் டிசல்யூஷன் கருவிக்கும் வீட்டில் மாற்று கிடையாது. அவற்றைத் தள்ளி வைத்து, கல்லூரி திறந்ததும் சின்னச் சின்ன பேட்சாக அவற்றை மட்டும் அடுத்தடுத்து முடிப்பதுதான் வழி. தமிழ்நாட்டில் 2020 டிசம்பரில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 2021 மார்ச்சில் மறுபடி மூடிய அந்த இடைவெளியை அப்படிப் பயன்படுத்தியிருக்கலாம். பல இடங்களில் அந்த நாட்கள் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்குவதிலேயே போயின.

சானிடைசர் ஒரு நல்ல உதாரணம். 2020-ல் நிறைய பார்மசி கல்லூரிகள் சொந்த லேபில் சானிடைசர் தயாரித்துக் காவல் நிலையம், பஞ்சாயத்து ஆபீஸ் என்று கொடுத்தன, பேப்பரில் போட்டோவும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது: 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதி கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். இந்த ஒரு சூத்திரத்தில் ஒரு செமஸ்டருக்கான பாடம் இருக்கிறது. 8,333 என்ற எண் எங்கிருந்து வந்தது? (80 சதவீத எத்தனால் வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.) பெராக்சைடு கிருமியைக் கொல்லத்தானே என்று கேட்டால், கையில் இருக்கும் கிருமிக்காக அல்ல, பாட்டிலுக்குள் வந்துவிடக்கூடிய பாக்டீரியா வித்துகளுக்காக. அதனால்தான் நிரப்பிய பிறகு 72 மணி நேரம் அப்படியே வைக்கச் சொல்கிறார்கள். கிளிசரால் கையை வறளாமல் வைக்க, அதிகமானால் பிசுபிசுக்கும். ஸ்பிரிட் கிடைக்காமல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மட்டும் கிடைத்தால் அளவு என்ன ஆகும்? இதையெல்லாம் வீட்டில் ஒரு தாளும் பேனாவும் வைத்துப் போடலாம். தயாரிப்பில் இரண்டு ஆசிரியர்களும் ஒரு லேப் அட்டெண்டரும் மட்டும் நிற்க, மாணவர்கள் அந்த போட்டோவை லைக் செய்ததோடு சரி என்று ஆனதுதான் வருத்தம்.

பார்ம் டி மாணவர்களின் நிலைமை இன்னும் மோசம். வார்டுக்குள் விடவில்லை, விடாததில் தப்பும் இல்லை, பி.பி.இ. உடுப்பு டாக்டருக்கே பத்தாத நேரம். ஆனால் மருந்து சார்ந்து நாடே அப்படிக் கொந்தளித்த காலம் அதற்கு முன் வந்ததில்லை. 2020 மார்ச்சில் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின். ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை என்று சொன்னது. 2021 ஏப்ரலில் ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய வரிசை. மே மாதம் கருப்புப் பூஞ்சை, அதற்கான ஆம்போடெரிசின் பி மருந்துக்குத் தட்டுப்பாடு. இவ்வளவும் நடக்கும்போது சிலபஸ் வரிசைப்படி இரண்டாவது யூனிட் நடந்துகொண்டிருந்தது என்றால் என்ன சொல்வது.

வார்டுக்குப் போகாமலே கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வி: 62 வயதுக்காரர், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். போனில் டாக்டரைப் பார்த்துவிட்டு மகன் வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைக் கொண்டுவருகிறார். டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், 10 நாள்; சர்க்கரையை ஏற்றிவிடக்கூடிய மருந்து. கடையில் 0.5 மில்லிகிராம் மாத்திரைதான் இருக்கிறது. கொடுப்பாயா? ஒரு வேளைக்கு 12, மொத்தம் 120 என்று கணக்குப் போடுகிறவர் பாஸ். நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு என்ன, வீட்டில்தான் இருக்கிறாரா, சர்க்கரையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு டாக்டருக்கு போன் போட நினைக்கிறவர் நல்ல மார்க். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும், கூகுள் பண்ணட்டும், இந்தப் பதில் அங்கே அப்படியே கிடைக்காது. ஆன்லைன் பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள் என்று கேமராவை வைத்துக் கழுத்தைத் திருப்பாதே என்று பயமுறுத்தியதற்குப் பதில், காப்பி அடித்தாலும் உதவாத கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

கடைக்கு வருகிறேன், நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் அதுதான். ஊரடங்கில் மாணவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அநேகமாக எல்லா ஊரிலும், இல்லாவிட்டால் பக்கத்து ஊரிலாவது, ஒரு மெடிக்கல் ஷாப் திறந்திருந்தது. சட்டப்படி அங்கே பயிற்சி எடுக்கலாம், டி.பார்முக்குப் பயிற்சி கட்டாயமும்கூட. 2020 மார்ச் 25-ல் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்தது, மறுநாளே சில்லறை மருந்துக்கடைகள் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க மத்திய அரசு அனுமதி கொடுத்தது. கடைக்காரருக்கு ஆள் தேவை, மாணவருக்குப் பயிற்சி தேவை. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு சுற்றறிக்கை, ஒரு லாக் புக், வாரம் ஒரு முறை ஆசிரியரின் போன் கால் போதும். இது பெரிய அளவில் நடக்கவில்லை. ஏன் என்றால் அந்த 500 மணி நேரத்தை நாமே பல காலமாக ஒரு சீல், ஒரு கையெழுத்து என்ற அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தோம். தெரிந்த கடையில் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நோய்ப் பயம் இருந்தது, வீட்டில் விடமாட்டார்கள், அதெல்லாம் நியாயமான காரணம்; விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், மாஸ்க்கும் தடுப்பூசியும் கொடுத்து, 2021-லாவது செய்திருக்கலாம்.

கவுண்டரில் என்ன அப்படிக் கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்பவர்களுக்குப் பாராசிட்டமால் ஒன்று போதும். குழந்தைக்குக் கொடுக்கிற டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 125, இன்னொன்று 5 மில்லிக்கு 250. 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 என்று 150 மில்லிகிராம் என்றால் டிராப்ஸில் ஒன்றரை மில்லி, சின்ன சிரப்பில் 6 மில்லி, பெரிய சிரப்பில் 3 மில்லி. போன தடவை 125 சிரப் வாங்கிய அம்மா இந்தத் தடவை டிராப்ஸ் பாட்டிலோடு போய் அதே 6 மில்லியைக் கொடுத்தால் 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. "போன தடவை எது வாங்கினீங்க, எதுல அளந்து குடுத்தீங்க?" என்று கேட்கிற பழக்கம் எந்த ஸ்லைடிலும் வராது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அதைக் கேட்கப் பழகுவதுதான் பயிற்சி.

கடையில் நிற்கவும் முடியாது என்றால் போன் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பி.பி., சர்க்கரை மருந்துகள் வீட்டுக்கே போக ஆரம்பித்தன. மருந்து வீட்டுக்குப் போன பிறகு அதைச் சாப்பிட்டார்களா, காலை மாத்திரையை ராத்திரி போட்டார்களா, தலைசுற்றல் வந்ததா என்று வாரம் பத்துப் பேரை போனில் விசாரிப்பது மூன்றாம் வருட மாணவரால் முடியாத வேலை இல்லை. பக்கவிளைவு தெரிந்தால் பதிவு செய்ய 2010-லிருந்தே இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, படிவம் இரண்டே பக்கம்தான்.

2020 அக்டோபரில் டி.பார்முக்குப் புதிய கல்வி விதிகள் வந்தன. 'சோஷியல் பார்மசி' என்று ஒரு பாடத்தைச் சேர்த்தார்கள், 500 மணி நேரப் பயிற்சி அப்படியே தொடர்கிறது. 2022-ல் இன்னொன்று: டி.பார்ம் முடித்தவர்கள் பதிவு செய்யும் முன் எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். மூன்று தாள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். கல்லூரிகளின் தரத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு இது ஒரு கடிவாளம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெருந்தொற்றில் இந்த மாணவர்கள் இழந்தது தேர்ந்தெடுக்கும் விடைகளை அல்ல, அவை வாட்ஸ்அப்பிலேயே வண்டி வண்டியாகக் கிடைத்தன. 500 மணி நேரத்தில் 50 மணி நேரத்தையாவது ஆசிரியர் ஒருவர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் செலவு பஸ் டிக்கெட் அளவோடு முடிந்திருக்கும். அந்த வரியை இன்றைக்குக்கூடச் சேர்க்கலாம், அதற்கு இன்னொரு கொரோனா வர வேண்டியதில்லை.